ஒரு குதிரைக்கு எத்தனை ஆள்?

என் மாமனார் எண்ணெய் எஞ்சினை முதன்முதலில் பார்த்தது எங்கள் பிரெஞ்சு எல்லையைத் தாண்டிப் பிரிட்டிஷ் எல்லைக்குள், கடலூர் போகும் வழியில் ஓர் உறவினரின் கரும்புத் தோட்டத்தில். வீட்டுக்கு வந்தவர் இலையில் கை வைக்காமல் அதைப் பற்றியே பேசினார். மாடு இல்லை, மனிதன் இல்லை, ஓர் இரும்புப் பெட்டி டப டபவென்று அடித்துக்கொண்டே கிணற்றை ஒரு பொழுதில் வற்ற அடித்துவிட்டது என்றார். விற்க வந்த ஆள் அதை ‘ஐந்து குதிரை எஞ்சின்’ என்று சொன்னானாம்.

“அதுல குதிரை எங்கடா இருக்குது?” என்று என் கணவரைக் கேட்டார்.

என் கணவர் பாகூர்ப் பள்ளியில் ஆசிரியர். புதுச்சேரியில் படித்தவர், கணக்கும் விஞ்ஞானமும் பிரெஞ்சில் சொல்லிக்கொடுப்பார். எனக்கு ஊர் வில்லியனூர். கன்னியர் மடத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்துவிட்டு, முப்பதுகளின் நடுவில் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டதால் அடுப்பும் தானியக் குதிரும் வந்த நாளிலிருந்தே என் பொறுப்பு. அன்றைக்கும் பரிமாறிக்கொண்டே அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குதிரை என்பது ஓர் அளவு என்றார் என் கணவர். எழுபத்தைந்து கிலோ எடையை ஒரு நொடிக்குள் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை. பிரெஞ்சுக்காரர்கள் அதை நீராவிக் குதிரை என்பார்கள். எஞ்சின் செய்தாலும், மாடு செய்தாலும், மனிதன் செய்தாலும் வேலை வேலைதான், எல்லாவற்றையும் இந்த ஒரே கோலால் அளந்துவிடலாம் என்றார்.

மாமனார் மகன் பக்கம் திரும்பினார். “அப்ப ஒரு குதிரைக்கு எத்தினி ஆளு?”

“அளந்து பாத்தா தெரியும் நைனா.”

எங்கள் கரும்புக்கொல்லைக் கிணற்றில் ஏற்றம் இருந்தது. ஏரித் தண்ணீர் வற்றிப்போகும் கோடையில் கரும்பு அந்த ஏற்றத்தை நம்பித்தான் நிற்கும். நீண்ட மரம் ஒன்று நடுவில் தூணின்மேல் ஊசலாடும். ஒரு முனையில் தண்ணீர் மொள்ளும் சால் கிணற்றுக்குள் தொங்கும். மரத்தின்மேல் ஓர் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். அவர் கிணற்றுப் பக்கம் போனால் சால் இறங்கும். திரும்பி நடந்தால் நிறைந்த சால் மேலே வரும். கீழே நிற்கும் இன்னொருவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். எங்கள் ஏற்றத்தில் நடந்தவர் கிழக்கே சேரியில் இருந்து வருபவர். முப்பது வயது இருக்கும். எதையும் பிடித்துக்கொள்ளாமல் தரையில் நடப்பதுபோல் அந்த மரத்தின்மேல் நடப்பார். அவர் மனைவி எங்கள் வீட்டுப் பின்கட்டில் நெல் குத்துவாள். அவர்களுக்குச் சின்னச் சின்னதாக மூன்று பிள்ளைகள்.

பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. அந்த வியாழக்கிழமை என் கணவர் மண்டியிலிருந்து தராசு வாங்கி வந்து, சாலில் தண்ணீர் நிரப்பி எடை பார்த்தார். கயிறு விட்டுக் கிணற்று ஆழம் பார்த்தார். மாமனாரின் சட்டைப்பைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டார். வேடிக்கை பார்க்க ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள். கூழ் கொண்டுபோகும் சாக்கில் நானும் போய்ப் புங்க மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன்.

தன்னை அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த மனிதருக்கு வேகம் வந்துவிட்டது. மரம் தாழ்வதும் எழுவதும் கண்ணுக்கு நிற்கவில்லை. என் கணவர் சிலேட்டில் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு திகைப்பு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குதிரை என்றார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாமனாருக்குச் சந்தோஷம். மூன்று ஆள் சேர்ந்தால் ஒரு குதிரை. ஐந்து குதிரைக்குத் தேவையான ஆட்கள் நம்மிடமே இருக்கிறார்கள், எஞ்சின் எதற்கு என்றார். நாள் முழுதும் பார்த்தால்தான் சரியாக வரும் என்று என் கணவர் சொன்னார். சரி, பார் என்று மாமனார் விட்டுவிட்டார்.

உச்சிவேளைக்கு ஏற்றத்தை நிறுத்தினார்கள். ஏற்ற ஆட்களுக்கு மத்தியானக் கூழ் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். நான் அவருடைய மண்சட்டியில் கேழ்வரகுக் கூழை ஊற்றினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு வரப்புப் பக்கம் போனார். அங்கே அவர் மனைவி கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பானையோடு நின்றிருந்தாள். சட்டியில் இருந்ததை அப்படியே அவள் பானையில் கவிழ்த்தார். பிறகு வாய்க்காலில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தண்ணீர் குடித்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு திரும்ப மரத்தின்மேல் ஏறினார். முன்பே சாப்பிட்டிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பிற்பகலில் அளவு பாதிக்கு இறங்கியது. பொழுது சாய்வதற்குள் காலையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவர் மரத்தின் நடுவில் வந்து ஒரு கணம் நிற்பார்; பிறகு அடுத்த அடி வைப்பார். காலையில் முடிந்தது இப்போது ஏன் முடியவில்லை, ஏமாற்றுகிறான் என்றார் மாமனார்.

மறுநாள் அவர் மனைவி நெல் குத்த வந்தபோது, உன் வீட்டுக்காரர் நேற்று எப்போது சாப்பிட்டார் என்று கேட்டேன்.

“காத்தால பழையது கொஞ்சம் குடிச்சாரு சின்னம்மா. நீங்க ஊத்தறது வூட்டுக்கு. புள்ளைங்க மூணு இருக்குதே.”

ஏதோ ஊரறிந்த செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள். நீ என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு உலக்கையை எடுத்தாள்.

பள்ளியிலிருந்து வந்த என் கணவர் அந்தச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் ஏன் இவ்வளவு தள்ளிப் போகின்றன என்பதுதான் அவர் யோசனை. நான் பார்த்ததையும் கேட்டதையும் சொன்னேன். சட்டென்று எழுந்து தன் பெட்டியிலிருந்து பழைய பௌதிகப் புத்தகத்தை எடுத்தார்.

அவர் சொன்ன கலோரி என்ற சொல் எனக்கும் தெரியும். தண்ணீரைச் சூடாக்கும் கணக்கில் மடத்துப் பள்ளியில் வந்திருக்கிறது. சூடும் வேலையும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை, எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேலை என்பதற்கு மாறாத அளவு இருக்கிறது என்று அவர் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். அரிசிக்கும் கேழ்வரகுக்கும் எவ்வளவு சூடு என்று அளந்து வைத்திருக்கிறார்களாம். உடம்பும் ஓர் அடுப்புதான். உள்ளே போடும் தானியம் எரிந்துதான் கை அசைகிறது, கால் நடக்கிறது. ஒரு மொந்தைப் பழைய கூழில் எவ்வளவு மாவு இருக்கும் என்று கேட்டார். நான் மாவை எடுத்து வந்து நிறுத்துக் காட்டினேன். அவர் எழுதினார், அழித்தார், மறுபடி முதலிலிருந்து எழுதினார்.

“தப்பா வருது,” என்றார்.

“இன்னா தப்பு?”

“அவன் சாப்பிட்டதைவிட செஞ்சது அதிகமா இருக்குது. அதுவும் சாப்பிட்டதுல நாலுல ஒரு பங்குதான் வேலையா வெளியில வரும். மீதி சூடா போயிடும். அத்தையும் சேத்துப் பாத்தா, அவன் அந்த மரத்துல ஏறி நின்னிருக்கவே கூடாது.”

“நின்னாரே. நான் பாத்தேனே. அப்ப மீதி எங்கேர்ந்து வந்துது?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “அவன் ஒடம்புலேர்ந்து.”

எனக்குப் புரியவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். “போட்ட வெறகு தீந்துபோனா ஒடம்பு தன்னையே எரிச்சிக்கும். முதல்ல கொழுப்பு. அவன்கிட்ட அது எங்க இருக்குது? அப்புறம் சதை.”

அம்மிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரின் கெண்டைக்கால்களும், மரத்தின்மேல் திரும்பும்போது தெரிந்த விலா எலும்புகளும் கண்முன் வந்தன. வேலை செய்தால் மனிதர்கள் இளைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இளைத்தது எங்கே போகிறது என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது வாய்க்காலில் ஓடி எங்கள் கரும்புக்குப் போயிருக்கிறது. அன்று காலையில் அந்தக் கொல்லையில் விளைந்த கரும்பு வெல்லத்தைப் போட்டுத்தான் பொங்கியிருந்தேன், இருவரும் சாப்பிட்டிருந்தோம்.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டின்போது அவர் சொன்னார். சிலேட்டையும் பக்கத்தில் வைத்திருந்தார்.

என் மாமனாரைக் கொடியவர் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. மாடு சுகமில்லாமல் படுத்தால் பக்கத்திலேயே குந்தியிருந்து தடவிக் கொடுப்பார். கணக்கில் கூர்மையானவர். மகன் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டார். கூழில் எவ்வளவு, வேலையாக எவ்வளவு வரும், சும்மா படுத்துக் கிடக்கும் ஆளுக்குக்கூட எவ்வளவு செலவாகும் என்று சரியான இடங்களில் சரியான கேள்விகள் கேட்டார். நான் பட்ட பாட்டில் கால்பங்குகூட இல்லாமல் புரிந்துகொண்டார்.

“அப்ப அவன் ஏமாத்தல,” என்றார்.

எனக்கு மூச்சு வந்தது.

அவர் ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டு மென்று விழுங்கினார். “நாம ஊத்தற கூழு ஏத்தத்துக்கு வரல. அவன் வூட்டுக்குப் போவுது. நாளைலேர்ந்து என் கண்ணெதிருல குடிக்கட்டும். ஒரு சொட்டு வெளியில போவக் கூடாது.”

என் கணவர் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். என் கையில் இருந்த கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. அந்தக் கணக்கில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு மனிதனின் பசி. அதே கணக்கில் மாமனாருக்குத் தெரிந்தது ஓர் ஒழுக்கு. மூன்று பிள்ளைகள்தான் அவர் அடைக்கச் சொன்ன ஒழுக்கு.

திங்கட்கிழமை கூழை நானே எடுத்துப் போனேன். மாமனார் மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதர் சட்டியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் வரப்பைப் பார்க்கத் திரும்பினார். இங்கேயே உட்கார்ந்து குடி என்று மாமனார் சொன்னார். அதட்டாமல், அக்கறையாகத்தான் சொன்னார். ஒடம்புக்கு வேண்டாமா என்றுகூடக் கேட்டார்.

வரப்பில் அவர் மனைவி நின்றிருந்தாள். இடுப்புக் குழந்தை சட்டியைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் மனைவியைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார். சட்டியை ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தார்.

“பசி இல்ல ஆண்டே.”

பிறகு ஏற்றத்தில் ஏறிப் பொழுது சாயும்வரை நடந்தார். மாமனார் அந்தக் கூழை மாட்டுத் தொட்டியில் ஊற்றச் சொன்னார். அவள் குழந்தையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. சேரியிலிருந்து வேறு ஒருவரும் அந்தக் கிணற்றுக்கு வரவில்லை. நெல் குத்த அவளும் வரவில்லை. ஏற்ற மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சித்திரை வெயிலில் கரும்புத் தோகை சுருள ஆரம்பித்தது. எஞ்சின் வாங்கலாம் என்றால், எல்லைச் சுங்கம் தாண்டி அது வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். ஆளைக் கூப்பிட்டனுப்பவும் மாமனாருக்கு மனம் வரவில்லை. தினமும் கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

நான் உலக்கையைக் கையில் எடுத்தேன். பிறந்த வீட்டில் விளையாட்டாகக் குத்தியிருக்கிறேனே தவிர, ஒரு வீட்டுக்கு வேண்டிய அரிசியைக் குத்தியதில்லை. முதல் நாளே தோளும் இடுப்பும் கழன்றுவிடும்போல் ஆகிவிட்டன. உள்ளங்கை கொப்பளித்தது. வழக்கமாகச் சாப்பிடுவதைப்போல் இரண்டு பங்கு சாப்பிட்டேன், அப்படியும் பசித்தது.

ஒரு சாயங்காலம் என் கணவர் சேரிக்குப் புறப்பட்டார். நானும் வருகிறேன் என்றேன். எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போன வழக்கமே கிடையாது. அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, வா என்றார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

அவர்கள் குடிசை வாசலில் மூத்த பெண் உட்கார்ந்திருந்தாள். வயிறு உப்பி, கையும் காலும் குச்சியாக இருந்தன. எங்களைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். முதல் தடவை முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எங்கள் கூழையும் குடித்து வளர்ந்த குழந்தையே இப்படித்தான் இருந்தது.

அந்த மனிதர் வெளியே வந்தார். வேலைக்கு வா, கூழை முன்போல வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று என் கணவர் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பதில் மட்டும் நிமிர்ந்து சொன்னார்.

“ஆக்குன கூழு வாணாங்க. கேவுரு தானியமா அளந்து குடுங்க. யாரு துன்றது, யாரு துன்னாம இருக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “உரலுக்கும் சேத்துச் சொல்லு.”

சரி என்றார் என் கணவர். தன் அப்பாவைக் கேட்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. அதுவரை அவர் அப்பாவைக் கேட்காமல் ஒரு கன்றுக்குட்டியைக்கூட அவிழ்த்துக் கட்டியதில்லை.

வீட்டில் போய்ச் சொன்னார். மாமனார் எவ்வளவு என்று மட்டும் கேட்டார். ஓர் ஆள் நாள் முழுதும் ஏற்றம் மிதிக்க உடம்புக்கு வேண்டியது இவ்வளவு, உரல் வேலைக்கு இவ்வளவு என்று என் கணவர் சொன்னார். மத்தியானக் கூழாகக் கொடுத்ததைப்போல் இரண்டு பங்குக்கு மேலேயே வந்தது.

“எஞ்சினு இத்தவிட கம்மியா குடிக்கும்,” என்றார் மாமனார்.

“அதுவும் ஊத்தற எண்ணெயில நாலுல ஒரு பங்கு வேலை செஞ்சாவே பெருசு நைனா. அத்தை யாரும் ஏமாத்துதுன்னு சொல்றதில்ல.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். முடியாது என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் நான் குதிரின் வாயைத் திறந்து கேழ்வரகை மரக்காலில் அளந்தேன். அந்த மனிதர் பக்கத்தில் நின்று பார்த்தார். நான் குவித்து அளந்ததைத் தன் உள்ளங்கையால் தலை தட்டிச் சமப்படுத்தினார். எங்களுக்குச் சேர வேண்டியது போதும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். கரும்பில் பாதிதான் தேறியது. மாமனார் என்னோடு பேச ஆடிப்பெருக்கு ஆயிற்று.

எஞ்சின் அடுத்த கோடைக்கு வந்து சேர்ந்தது. ஏற்றத்தில் வேலை இல்லாமல் போனது. அந்தக் குடும்பம் ஏம்பலத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டது. அங்கேயும் தானியமாகவே அளந்து வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அவர்கள் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். உலக்கை வேலையையும் ஒருநாள் அளந்து பாருங்கள் என்று என் கணவரைக் கேட்டிருந்தேன். எதைக் கண்டாலும் அளக்கிற மனிதர், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்றேன். எனக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவ்வளவு பயந்து நான் அவரைப் பார்த்ததில்லை. அதனால் நானே உலக்கையை எடை போட்டேன். அவள் அதை எவ்வளவு உயரம் தூக்குகிறாள் என்று சுவரில் கரியால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு காலைப்பொழுதில் எத்தனை தடவை விழுகிறது என்று அடுப்படியிலிருந்தே எண்ணினேன். கூட்டிப் பார்த்ததும் எங்கோ பிசகிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கூட்டினேன். அதே விடைதான் வந்தது.

அவளிடம் போய்ச் சொன்னேன். ஒரு வண்டிப் பாரம் நெல்லை, அதோ அந்தத் தென்னை மரத்து உச்சிக்குத் தூக்கி வைத்தால் எவ்வளவு வேலையோ, அவ்வளவு வேலையை நீ காலையிலேயே செய்துவிடுகிறாய் என்றேன்.

அவள் உலக்கையை நிறுத்திவிட்டுத் தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“அத்தினியா?” என்றாள். “நெசமாவா சின்னம்மா?”

ஆமாம் என்று தலையசைத்தேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. திகில் பிடித்தவள்போல் இருந்தாள். கொஞ்சம் பொறுத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிடாதீங்க. பயந்துடுவாரு.”

பிறகு புடைவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உரலில் மீதமிருந்த நெல்லைக் குத்த ஆரம்பித்தாள்.